சாப்பிட்டு வந்து மாற்ற வேண்டும்

ஒருவர் நான்கு வருடமாக ஒரே ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால், ஒன்று அவர் கவிஞராக இருக்க வேண்டும், அல்லது மாதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். இறக்குமதியார் இரண்டாவது வகை.

அது அலுவலகத்தில் வைத்த பெயர். ‘ஆர்’ விகுதியை மரியாதைக்காகச் சேர்த்ததாகச் சேர்த்தவர்கள் சொன்னார்கள். அவரும் நம்பினார். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. மூன்றாவது மாடியில் அவர் இருக்கை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி எந்திரங்களின் முதுகு தெரியும். இயந்திரங்களை ஓட்டுவதற்கென்றே அந்த நிறுவனம் சொந்தமாக ஒரு நிரல்மொழி வைத்திருந்தது. துணி துவைக்கிற இயந்திரம், பாட்டிலுக்கு மூடி போடுகிற இயந்திரம், அட்டைப்பெட்டி மடிக்கிற இயந்திரம் எல்லாம் அந்த மொழியில் சொன்னால்தான் காது கொடுக்கும். ரிப்பேர் பார்க்கிறவர்களே நிரலும் எழுதிக்கொள்ளட்டும் என்று அதில் சாதாரணச் சொற்களையே வைத்திருந்தார்கள்: ஓடு, நிறுத்து, சூடாக்கு, காத்திரு.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுத முடியாது. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைகள் ஒரு ஃபைலில், டிரம் சம்பந்தப்பட்டவை இன்னொன்றில். அப்படி ஒரு ஃபைலுக்கு மாட்யூல் என்று பெயர். பல மாட்யூல்களை மூட்டையாகக் கட்டினால் அது பேக்கேஜ். ஒரு ஃபைலுக்கு இன்னொரு ஃபைலில் இருக்கும் வேலை வேண்டுமென்றால், எதை, எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்று முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் அதை இறக்குமதி என்பார்கள். அந்த வரியை எப்படி எழுத வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இறக்குமதியாரின் உத்தியோகம். இதை அவர் மாமனாருக்கு விளக்கிப் பார்த்தார். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை இறக்குமதி லைன்ல இருக்காரு” என்று தன் நண்பர்களிடம் சுருக்கிச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு பேர் சென்ட் பாட்டில் கேட்டு போன் செய்தார்கள்.

அந்த வரிக்கென்று ஒரு குழு இருந்தது. மூன்றே பேர். இறக்குமதியார், மேலாளர், மூன்றாவதாக ‘சாய்கோடு’ என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்மணி. முதல் வருடம் முழுவதும் பேக்கேஜ் பெயருக்கும் மாட்யூல் பெயருக்கும் நடுவில் புள்ளி வைப்பதா, சாய்கோடு போடுவதா என்ற விவாதத்தில் போயிற்று. அம்மையார் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. புள்ளி வென்றது. அன்றிலிருந்து லிஃப்ட்டில் இருவரும் வேறு வேறு பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டாம் வருடம் மரியாதைப் பிரச்சினை. ‘கொண்டுவா’ என்று ஒருமையில் ஏவுவதா, ‘கொண்டுவரவும்’ என்று பணிவாகக் கேட்பதா? இயந்திரம் கோபித்துக்கொள்ளாது என்று இறக்குமதியார் சொன்னார். இயந்திரம் கோபித்துக்கொள்ளாது, ஆனால் வாடிக்கையாளர் படிப்பாரே என்று மேலாளர் கவலைப்பட்டார். பதினோரு வாரம். மூன்றாம் வருடம் எதை முதலில் சொல்வது, பொருளையா, அது இருக்கும் இடத்தையா. நான்காம் வருடம்தான் உயிர்ப் பிரச்சினைக்கு வந்தார்கள்: ‘எல்லாம்’.

அதாவது, “அந்த பேக்கேஜில் இருக்கும் எல்லாவற்றையும் கொண்டுவா” என்று ஒரே போடாகப் போட அனுமதிக்கலாமா? கூடாது என்றார் இறக்குமதியார். செத்தாலும் கூடாது. இன்ன வேலை வேண்டும், இன்ன இடத்திலிருந்து வேண்டும் என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ‘கொண்டுவா தண்ணீர்.வால்வு: நிறுத்து’. இதுதான் அவர் கண்ட வரி. தண்ணீர் என்ற பேக்கேஜ், அதில் வால்வு என்ற மாட்யூல், அதில் நிறுத்து என்ற வேலை. குழப்பமே கிடையாது. ‘எல்லாம்’ என்பது சோம்பேறிகளின் சொல் என்று பதினெட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

இவ்வளவு கறாரான மனிதருக்குத் தன் வீட்டில் நகவெட்டி எந்த டிராயரில் இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடி, சாவி, சார்ஜர், சுத்தியல் எது வேண்டுமானாலும் நடுக்கூடத்தில் நின்று “அது எங்கே?” என்று பொதுவாகக் கேட்பார். மனைவி எங்கிருந்தோ கொண்டுவந்து கையில் வைப்பார்.

குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு தங்கையிடமிருந்து போன் வந்தது. தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் தலைமை மெக்கானிக்.

“அண்ணா, வேலையா இருக்கியா?”

“மீட்டிங்ல இருக்கேன்.”

“அப்ப சும்மாதான் இருக்கே. கேளு. உங்க கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்கு. இன்னும் ஆறு வாரத்துல பழைய மாதிரி எழுதின நிரல் எதுவும் ஓடாதாம். எல்லாத்தையும் புது முறையில மாத்தணுமாம். எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?”

இறக்குமதியார் தொண்டையைச் செருமினார். முடிவு எடுப்பதற்கு முன்பே கடிதம் அனுப்பிவிடுவது மேலாளரின் வழக்கம். எடுத்த பிறகுதான் அனுப்புவது என்றால் அந்த நிறுவனத்திலிருந்து கடிதமே போகாது.

“நினைச்சேன்,” என்றாள் தங்கை. “என் பொண்ணுக்கு மூணு வாரத்துல பிரசவம். தெரியும்ல? அஞ்சு வாரம் லீவு எழுதிக் குடுத்து, கையெழுத்து வாங்கி, டிக்கெட்டும் போட்டாச்சு. இன்னிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டு லீவை ரத்து பண்ணிட்டாரு. ‘மெஷின் குணமெல்லாம் உனக்குத்தான் தெரியும், மாத்தி வச்சுட்டுப் போ’ன்னு சொல்றாரு. மாத்தி வச்சுட்டுப் போனா பிள்ளை எழுந்து நடந்துட்டு இருக்கும்.”

“எத்தனை ஃபைல்?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

“பூ! இதுக்கா இவ்வளவு? தானா மாத்தற மாதிரி ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது.”

“வந்து பார்த்துட்டு அப்புறம் பூங்கறதா காய்ங்கறதான்னு சொல்லு.”

மறுநாள் போனார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மொழி வேலை செய்யும் இடத்துக்குப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதுவரை அவசியம் ஏற்படவில்லை.

பதினான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவுக்கு. ஈரப் படுக்கை விரிப்புகள் மலைபோல் குவிந்த தள்ளுவண்டிகள். பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. பஞ்சுத் தூசி எல்லோர் புருவத்திலும் ஒட்டியிருந்ததால் எல்லோரும் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தார்கள். தங்கை அவரைக் கண்ணாடித் தடுப்பு போட்ட கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அங்கே உட்கார்ந்து ஒரு குழாய் இணைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில், கண் மட்டத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். ஏழு வரிகள்.

இறக்குமதியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய கைவண்ணம்.

ஆறு வருடத்துக்கு முன், குழு என்று ஒன்று பிறப்பதற்கும் முன், மொழியோடு சேர்த்துக் கொடுக்க ஒரு மாதிரி ஃபைல் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். கொண்டுவரும் வரிக்கு அப்போது எந்த விதியும் கிடையாது. ‘தற்காலிகம்’ என்று ஒரு பேக்கேஜை உண்டாக்கி, அதில் இருந்ததை எல்லாம் திணித்து, முதல் வரியில் ‘கொண்டுவா தற்காலிகம்: எல்லாம்’ என்று எழுதினார். இரண்டாவது வரியில், இயந்திரம் படிக்காத, மனிதருக்கான குறிப்பாக, ‘சாப்பிட்டு வந்து இதை மாற்ற வேண்டும்’ என்று எழுதினார். சாப்பிடப் போனார். அன்று கேன்டீனில் யாருக்கோ பிரிவுபசாரம், கேக் வெட்டினார்கள். திரும்பி வந்தபோது மாதிரி ஃபைல் அச்சுக்குப் போயிருந்தது. நல்ல கேக் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

“எல்லா ஃபைலும் இப்படித்தான் ஆரம்பிக்குதா?” என்று குரல் இறங்கிக் கேட்டார்.

“எல்லாமே இதைக் காப்பி பண்ணித்தான் எழுதறது,” என்றாள் தங்கை. “எங்க இடம் மட்டுமில்ல. பெட்டி மடிக்கிறவங்க, மூடி போடறவங்க எல்லாரும்தான்.”

“அந்த ரெண்டாவது வரியுமா?”

கொதிகலன்காரர் துடைப்பதை நிறுத்தினார். “அதுல மட்டும் கை வைக்கக் கூடாது சார். முன்னாடி இருந்த மெக்கானிக் ஒரு தடவை எடுத்துட்டாரு. நாலாம் நம்பர் மெஷின் நின்னுபோச்சு.”

“ஐயா, அது வெறும் குறிப்பு. மெஷின் அதைப் படிக்கவே படிக்காது.”

“நீங்க சொல்றீங்க. ஆனா நாலாம் நம்பர் நின்னுச்சே.”

“அண்ணன்தான் அதை எழுதினதே,” என்று தங்கை போட்டு உடைத்தாள்.

கொதிகலன்காரர் எழுந்து நின்றார். இறக்குமதியாரை உச்சி முதல் பாதம் வரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அப்ப, சாப்பிட்டு வந்துட்டீங்களா சார்?”

தானாக மாற்றும் புரோகிராமின் கதை அதற்கடுத்த அரை மணி நேரத்தில் முடிந்தது. தற்காலிகத்தில் திணித்தவற்றில் ‘நிறுத்து’ என்ற பெயரில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று தண்ணீர் வால்வை மூடும். இன்னொன்று டிரம் சுற்றுவதை நிறுத்தும். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்போது, எந்த ஃபைல் அந்த இயந்திரத்தில் கடைசியாகப் பதிந்ததோ அதன் பேச்சுதான் செல்லும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஒவ்வொருவர் ஒவ்வொரு வரிசையில் பதிந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, பிசகு நேர்ந்த சில நிரல்களில் யார் யாரோ சுற்றி வளைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

“எட்டாம் நம்பர்ல நிறுத்துன்னா தண்ணி நிக்கும்,” என்றாள் தங்கை. “ஒன்பதுல டிரம் நிக்கும். பதினொண்ணுல விரிப்புக்கு தண்ணி, துண்டுக்கு டிரம்.”

“இதெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கே?”

தங்கை தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

“இது பெரிய அபாயம்மா!”

“அபாயம்தான். யார் பெத்த அபாயம்? எனக்குப் பழகிடுச்சு. உனக்குத்தான் புதுசு.”

எந்தப் புரோகிராமும் அவள் நெற்றிக்குள் போய்ப் படிக்க முடியாது. ஆள்தான் உட்கார வேண்டும், ஒவ்வொரு ஃபைலாக.

மாலை வீட்டில் மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“ஏங்க, தப்பா எழுதினது நீங்க. திருத்தறது மட்டும் அவளா?”

“அது தப்பு இல்ல, தற்காலிகம்.”

“என் பசங்களும் இப்படித்தான் சொல்லுதுங்க. நான் சுழிக்கத்தான் செய்யறேன்.” சுழித்தார். “பிள்ளை பெறப்போறவ உங்க மருமக. ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் நான்தான் எடுத்துக் கொடுக்கணுமா?”

கூட்டத்தில் வினோதம் நடந்தது. கதவு சாத்தியதும் சாய்கோடு அம்மையார் பேச ஆரம்பித்தார்: பல இடங்களிலிருந்து புலம்பல் வருகிறது, பாவம், ‘எல்லாம்’ இருந்துவிட்டுப் போகட்டும், பழையது பழையபடி ஓடட்டும். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவர் இறக்குமதியாரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். மேலாளருக்கும் சம்மதம், கடிதம் போனால் என்ன, மன்னிப்புக் கடிதம் ஒன்று போகிறது. இறக்குமதியார் தலையை ஆட்டினால் போதும். தங்கைக்கு லீவு திரும்பக் கிடைக்கும். நான்கு வருட வரி குப்பைக்கூடைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆட்டியிருப்பார். ஒன்பதாம் நம்பர் குறுக்கே வந்தது. தங்கை இல்லாத ஒரு நாளில் வேறு யாராவது எட்டாம் நம்பரை நினைத்துக்கொண்டு ஒன்பதில் ‘நிறுத்து’ எழுதினால், டிரம் நிற்கும், தண்ணீர் நிற்காது. நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர். கதவின் ரப்பர் விளிம்பும், அதற்கு நேர் எதிரே தள்ளுவண்டியோடு ஆள் நிற்கும் இடமும் அவர் கண்ணில் நின்றன. போய்ப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

“முடியாது,” என்றார். “எல்லாம் கிடையாது. புது முறைதான்.”

“உங்க தங்கச்சி இடத்துல இருந்துதான் முதல் புகாரே வந்திருக்கு,” என்றார் அம்மையார். “அவங்க கதி?”

“அங்க மட்டும்தான் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு குணம். மத்தவங்களுக்கு பட்டன் போதும். அந்த இடத்தை நான் போய் மாத்தறேன்.”

“கம்பெனி ஆளை வெளியே அனுப்ப வழி இல்லையே,” என்று மேலாளர் இழுத்தார்.

“லீவு போட்டுட்டுப் போறேன்.”

“சொந்த லீவா?” மேலாளரின் முகம் மலர்ந்தது. “அப்படின்னா தாராளமா!”

அவ்வாறாக நான்கு வருட உழைப்பு நிறைவேறியது. அதைக் கொண்டாடுவதற்காக இறக்குமதியார் அடுத்த திங்கட்கிழமை பஞ்சுத் தூசியில் போய் உட்கார்ந்தார். தங்கை மூன்று நாள் பக்கத்தில் இருந்து முதல் இருபது ஃபைல்களைச் செய்து காட்டினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு மகளிடம் கிளம்பினாள். சூப்பர்வைசர் ஒரு மெக்கானிக்குக்குப் பதிலாக ஒரு மொழி வடிவமைப்பாளர் கிடைத்ததில் நாம் ஏமாற்றப்பட்டுவிட்டோமோ என்ற முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

தன் மொழியில் தானே எழுதும் அனுபவம் இறக்குமதியாருக்குப் புதிது. அந்த அழகான வரி, ஒரு வரியாக இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. ஒரு நிரலுக்குப் பதினொரு வேலைகள் தேவைப்பட்டால் பதினொரு வரி. சாய்கோடு விசைப்பலகையில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதையும் கவனித்தார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நாற்பதாவது ஃபைலில், நான்கே வேலைகள் வேண்டிய இடத்திலும் பதினொரு வரியையும் அப்படியே காப்பி பண்ணி ஒட்டினார். அறுபதாவது ஃபைலில், ‘எல்லாம்’ என்ற சொல் அவ்வளவு ஒன்றும் கெட்ட சொல் இல்லை என்று தோன்றியது. சுற்றுமுற்றும் பார்த்தார். கொதிகலன்காரர் மட்டும்தான் இருந்தார்.

‘நிறுத்து’ வரும் இடமெல்லாம் தங்கைக்கு போன். அவளும் மகள் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நின்றபடி மனசிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒன்பதாம் நம்பர், பச்சை அங்கி புரோகிராம். எது?”

“டிரம்.”

“பத்து?”

“இரு, உள்ளே கூப்பிடறாங்க. வலி வந்துடுச்சு. வை.”

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் போன் இல்லை. இறக்குமதியார் நூற்று முப்பத்தொன்றாவது ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் எழுத்துகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கொதிகலன்காரர் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறியதும் எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தார்.

மணியடித்தது.

“பொண்ணு பிறந்திருக்கா அண்ணா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“அப்பாடா! யார் சாயல்?”

“இப்பவே எப்படித் தெரியும்? கத்தறதைப் பார்த்தா உன் குழுதான்.”

“ரொம்ப சந்தோஷம்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஞ்சுத் தூசி. “அப்புறம், வந்து, பத்தாம் நம்பர்?”

“தண்ணி! பாவி மனுஷா,” என்று வைத்துவிட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்த அன்று மிச்சம் இருந்தது ஒரே விஷயம். ஒட்டி ஒட்டி வந்ததில் அந்த இரண்டாவது வரி ஒவ்வொரு ஃபைலிலும் அப்படியே இருந்தது. மாற்றியாகிவிட்டது, இனி அதற்கு என்ன வேலை? கொள்கைக்காக, வேண்டுமென்றே நாலாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார். கொதிகலன்காரரை அழைத்துப் பக்கத்தில் நிற்க வைத்தார். “நல்லா பாருங்க,” என்று சொல்லி வரியை அழித்து, நிரலை ஏற்றி, ஓடவிட்டார்.

நாலாம் நம்பர் இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு பெரிய முனகலோடு நின்றது.

திறந்து பார்த்ததில், ஒரு போர்வையின் ஓரம் கதவு விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் தெரியும், போர்வைதான் காரணம். இறக்குமதியார் அதை உருவி எடுத்துக் கொதிகலன்காரரிடம் காட்டினார். விளக்கினார். மறுபடியும் விளக்கினார்.

“நான் ஒண்ணுமே சொல்லலையே சார்,” என்றார் கொதிகலன்காரர்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஏழெட்டுப் பேர் தள்ளுவண்டிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வாரம் முடிந்து தங்கை திரும்பி வந்தாள். கைப்பையை வைத்த கையோடு பதினான்கு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். எட்டில் தண்ணீர் நின்றது, ஒன்பதில் டிரம். பதினொன்றில் விரிப்பையும் துண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாள். ஃபைலைத் திறந்தால் எது நிற்கும் என்று பெயரோடு எழுதியிருந்தது. அவள் நெற்றியைத் தொட வேண்டியிருக்கவில்லை.

“பரவாயில்லையே,” என்றாள். அவளிடம் அது பெரிய பட்டம்.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் புதுத் தாள், புது பிளாஸ்டிக் உறை, பன்னிரண்டு வரிகள். தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாள். இரண்டாவது வரிக்கு வந்ததும் திரும்பினாள்.

“எல்லாத்தையும் மாத்தினே. இதை மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்கே?”

கொதிகலன்காரர் குழாய் இணைப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டு இறக்குமதியாரின் முகத்தையே பார்த்தார்.

“அதுல கை வைக்காதே,” என்றார் இறக்குமதியார். “எடுத்தா நாலாம் நம்பர் நின்னுடும்.”